வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

அண்ணன் காலில் இருந்த சிவப்புப் புள்ளிகளை முதலில் பார்த்தது அண்ணி இல்லை, நெட்டை. கண்ணாடிக் கடையில் அண்ணனோடு பதினெட்டு வருஷமாகக் கண்ணாடியின் மறுமுனையைப் பிடிக்கிறவர். அன்று மழைத் தண்ணீர் கடைக்குள் வந்துவிட்டது. இரண்டு பேரும் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா இது, கொசு குடும்பத்தோட விருந்துக்கு வந்துட்டுப் போயிருக்கு?" என்றார் நெட்டை.

அண்ணன் குனிந்து பார்த்தான். கணுக்காலைச் சுற்றி ஊசிமுனை அளவில் நூறு இருநூறு புள்ளிகள். அரிப்பு இல்லை. விரலை வைத்து அழுத்தினால் மறையவும் இல்லை.

"வேர்க்குரு" என்றான்.

"காலுக்கா? மழையிலயா?"

"உனக்கு வந்தா சொல்றேன் என்னன்னு. தள்ளு, தண்ணி வருது."

அந்த வாரத்தில் வேறு சிலவும் நடந்திருந்தன. பல் தேய்த்துத் துப்பினால் சிவப்பாக வந்தது. அண்ணி பார்ப்பதற்குள் தொட்டியைக் கழுவிவிட்டான். தொடையில் ஒரு இடம் நீலமாகக் கன்றியிருந்தது, அது ஆறுவதற்குள் முழங்கைக்கு மேலே இன்னொன்று. அண்ணி கேட்டாள், "எங்க இடிச்சுக்கிட்டீங்க?"

"கடையில."

"கடை எதிர்ல வந்துச்சா, நீங்க எதிர்ல போனீங்களா?"

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. கண்ணாடி அறுக்கிறவன் உடம்பில் காயம் இருப்பதை யாரும் விசாரிப்பதில்லை. பழைய கம்பளம் விரித்த ஒரு பெரிய மேசை, அதன் மேல் கண்ணாடி, கையில் பேனா மாதிரி ஒரு கட்டர், அதன் நுனியில் கடுகளவு சக்கரம். அளவுகோலை வைத்து ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, போட்ட கோட்டின் மேல் இரண்டாம் முறை போகவும் கூடாது. கோடு விழும்போது வரும் சத்தத்தை வைத்தே, அது நேராக உடையுமா பக்கவாட்டில் ஓடிவிடுமா என்று அண்ணன் சொல்லிவிடுவான். எப்போதும் விரல்களில் இரண்டு மூன்று கீறல் இருக்கும். டேப்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த கண்ணாடியை எடுப்பான்.

மழைக்கு நாலாம் நாள், ஒரு ஜன்னல் கண்ணாடியின் ஓரம் இடது கட்டைவிரலை லேசாகக் கீறியது. டேப் சுற்றினான். டேப் நனைந்தது. இன்னொன்று சுற்றினான். முக்கால் மணி நேரம் கழித்து, கண்ணாடி வாங்க வந்தவர், "இதுல ஏதோ பெயின்ட் ஒட்டியிருக்கே" என்றார். முதலாளி வந்து பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார், மேசைக் கம்பளத்தைப் பார்த்தார், அண்ணன் கையைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போ. நெட்டை, நீ கூடப் போ. வழியில கதை பேசிக்கிட்டு நிக்காதீங்க."

ரத்தம் எடுத்துக்கொண்டு, தையல் போடத் தேவையில்லை என்று இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன். சோதனைக்கூடத்திலிருந்து பேசியவர், இப்போதே திரும்பி வரச் சொன்னார். வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ரத்த டாக்டர் ஒரு அம்மா. தலையில் பாதி நரை. சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே பேசினார். ரத்தத்தில் தட்டணு என்று ஒன்று உண்டு, எங்காவது கீறினால் ஓடி வந்து ஓட்டையை அடைப்பது அதுதான். ஒன்றரை லட்சத்திலிருந்து நாலு லட்சம் வரை இருக்க வேண்டும்.

"உங்களுக்கு ஒன்பதாயிரம் இருக்கு."

"ஒன்பதாயிரம்னா நிறையதானே?" என்றான் அண்ணன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எலும்புக்குள்ள அது நல்லாதான் உருவாகுது. உங்க உடம்புல காவலுக்கு இருக்கற அணுக்கள் அதைத் திருடன்னு நினைச்சுப் பிடிச்சு அழிச்சுடுது. ஏன்னு கேட்டா, நிறைய பேருக்கு ஏன்னே தெரியாது. வேற காரணம் ஏதாவது இருக்கான்னு மற்ற டெஸ்ட் எல்லாம் பார்த்துடலாம். இது தொத்து இல்ல, புற்று இல்ல. ஆனா தலையில அடிபட்டா, தாங்க முடியாத தலைவலி வந்தா, மலம் கறுப்பாப் போனா, அந்த நிமிஷமே இங்க வரணும். நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்கக் கூடாது."

"அப்போ ரத்தத்துல குறை இல்ல. காவல்காரனுக்குத்தான் கண்ணு சரியில்ல."

"அப்படியும் சொல்லலாம். என்ன வேலை பண்றீங்க?"

அண்ணன் சொன்னான். டாக்டர் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது மறுநாள். அவன் தங்கை நான், வேறு நாட்டில் வேலை பார்க்கிறேன், விமானத்தில் ஒரு பகல் முழுக்க ஆகும் தூரம். அண்ணி போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் தட்டணு என்று தேடி, தேடியதில் எது மோசமோ அதை மட்டும் படித்தேன். அண்ணன் பேசும்போது குரல் வழக்கம் போலத்தான் இருந்தது.

"பயப்படாத. மாத்திரை குடுத்திருக்காங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அதுவும் குடுத்திருந்தா சொல்லியிருப்பேன்."

முதல் மாத்திரை ஸ்டீராய்டு. வெறும் வயிற்றில் போடக் கூடாது, புண்ணாகிவிடும், சாப்பிட்டுவிட்டோ பாலோடோ போட வேண்டும் என்றார்கள். அண்ணி ஒரு கப் பாலைச் சூடாக்கி, ஆற்றி, மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிரில் நிற்பாள். முழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். "நான் என்ன கைதியா?" என்பான். "கைதி ஒழுங்கா முழுங்குவான்" என்பாள்.

தட்டணு அறுபதாயிரத்துக்கு ஏறியது. எல்லோரும் மூச்சு விட்டோம். மாத்திரையைக் குறைத்ததும் பதினைந்தாயிரத்துக்கு இறங்கியது. கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். நாலு மாதத்தில் அண்ணன் முகம் உப்பிக் கன்னங்கள் கண்ணை மூடப் பார்த்தன. சர்க்கரை வந்தது. எலும்பு தேயாமல் இருக்கச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்று கூடச் சேர்ந்தது. சவர பிளேடைத் தூக்கிப் போட்டு மின்சாரத்தில் ஓடும் ஒன்றை வாங்கினான். பல் தேய்க்கக் குழந்தைகள் பிரஷ். தலைவலிக்கு யார் எந்த மாத்திரை கொடுத்தாலும் வாங்கக் கூடாது, சாதாரண வலி மாத்திரைகள் சிலது ரத்தத்தை இன்னும் இளக்கிவிடும். இந்தப் பட்டியல் சமையலறைச் சுவரில் அண்ணியின் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டே பேர். அந்தத் தாளுக்கு வேறு வாசகர்கள் இல்லை.

கடையில் முதலாளி அவனை மேசைக்கு விடவில்லை. முன்னால் கல்லாப் பக்கம் நாற்காலி போட்டு, அளவு எழுதவும் போன் எடுக்கவும் வைத்தார். அறுப்பது நெட்டை. அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பின்னால் கோடு போடும் சத்தம் கேட்கும்.

"அது நேரா உடையாது" என்பான், திரும்பாமலே.

"எல்லாம் உடையும், உன் வேலையைப் பாரு" என்பார் நெட்டை. பிறகு கண்ணாடி கோணலாகப் பிளக்கும் சத்தம். நெட்டை முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே திரும்பாமல் இருந்ததாக அண்ணன் பிறகு சொன்னான்.

ஸ்டீராய்டை இதற்கு மேல் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்று டாக்டர் இரண்டாவது மாத்திரைக்கு மாற்றினார். எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, இன்னும் அதிகமாகத் தட்டணு செய் என்று சொல்லும் மாத்திரை. "அந்தக் காவல்காரன் அழிக்கிற வேகத்தைவிட நாம செய்யற வேகம் அதிகமாகணும், அவ்வளவுதான்" என்றார். காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில். ஸ்டீராய்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தெரியவில்லை. பதினொன்று. ஒன்பது. அளவைக் கூட்டினார்கள். பதினாலு. மறுபடி கூட்டினார்கள், இதற்கு மேல் கூட்ட முடியாது என்றார்கள். எட்டு.

நான் வாரா வாரம் கூப்பிடுவேன். முதலில் எல்லாம் சாப்பாடு, தூக்கம், மழை என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பேன். பிறகு அது நின்றுவிட்டது.

"எவ்வளவு?"

"எட்டு."

"சரி."

"சரி, வை."

ஆயிரம் என்ற சொல்லைக்கூட விட்டுவிட்டோம். அழுகை, கோபம் எதுவும் இல்லை. அண்ணன் எண்ணைச் சொல்லும்போது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கடிதத்தின் முகவரியைப் படிப்பது போல இருக்கும். நானும் அதே மாதிரி கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டேன். போனை வைத்துவிட்டு அலுவலகத்தில் மீதி வேலையைப் பார்ப்பேன். என்னால் அப்படி வேலை பார்க்க முடிந்தது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் மண்ணீரல். இடது விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கை அளவில் இருப்பது, தட்டணுக்களைப் பிடித்து அழிக்கும் வேலை பெரும்பாலும் நடப்பது அங்கேதான். அதை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"எடுத்தா ஏறிடுமா?" என்றாள் அண்ணி.

"மூணு பேர்ல ரெண்டு பேருக்கு ஏறும். மூணாவது ஆளுக்கு ஏறாம இருக்கலாம். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க, காய்ச்சல் வந்தா சாதாரணக் காய்ச்சல்தானேன்னு வீட்ல படுத்திருக்கக் கூடாது. ஓடி வரணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"எடுத்துடுங்க" என்றான் அண்ணன்.

வாடிக்கையாளர் அளவு சொன்னதும் 'சரி' என்பானே, அந்தக் குரல். தேதி குறித்தார்கள். முன்கூட்டியே மூன்று தடுப்பூசிகள் போட்டார்கள், மண்ணீரல் போன பிறகு சில கிருமிகளுக்கு உடம்பு எளிதாக இடம் கொடுத்துவிடுமாம். முதலாளி வீட்டுக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"ஆபரேஷன் முடிஞ்சு உடம்பு சரியாச்சுன்னா மேசை உன்னோடதுதான். இல்லேன்னா என்கிட்ட மறைக்காம சொல்லிடு. நெட்டை ஒருத்தனை வெச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியல. போன வாரம் ரெண்டு பெரிய கண்ணாடி போச்சு."

"சொல்றேன்" என்றான் அண்ணன்.

வாசல் வரை போனவர் திரும்பி, "அவன் காதுல விழற மாதிரி இதைச் சொல்லிடாத" என்றார்.

நான் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணனை நேரில் பார்த்ததும் அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. அவன் அதைக் கவனித்தான். "முகத்துக்குத் தனியா டிக்கெட் எடுக்கணும்னு நினைக்கறேன்" என்றான். சிரித்தோம். பெட்டியை அவன் தூக்கக் கூடாது என்று நானும் அண்ணியும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் முன்னால், அதற்கான பரிசோதனைக்குப் போனோம். அண்ணனை ரத்தம் எடுக்க உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். வெளியே ஒரு சின்ன அறையில் நர்ஸ் ஒருத்தி நீளமான படிவத்தை வைத்துக்கொண்டு, சாப்பிடும் மருந்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்ணி மாத்திரைகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வரிசையாக வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டு வந்தவள் போலப் பதில் சொன்னாள்.

"இது?"

"சர்க்கரைக்கு. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"இது?"

"தட்டணுவுக்கு. காலைல அஞ்சரைக்கு. வெறும் வயித்துல."

நர்ஸ் எழுதினாள். எழுதிக்கொண்டே, "தண்ணியிலதானே?" என்றாள்.

"இல்ல, பால்ல."

பேனா நின்றது.

"பால்லயா?"

"ஆமா. வெறும் பால்தான். சர்க்கரைகூடப் போடறதில்ல. அது கூடவே இந்தச் சுண்ணாம்பு மாத்திரையும் குடுத்துடுவேன். அப்புறம் ரெண்டு மணி நேரம் ஒரு வாய் சாப்பாடு குடுக்க மாட்டேன். பசிக்குதும்பார், நான் விட மாட்டேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"முதல் நாள்லேர்ந்து" என்றாள் அண்ணி. "ஒரு நாள் தவறினதில்ல."

நர்ஸ் படிவத்தை மூடவில்லை. நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் தள்ளி எழுந்து, "இங்கயே இருங்க, இதோ வந்துடறேன்" என்று போனாள். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன்.

டாக்டர் அம்மா வந்து நின்றுகொண்டே கேட்டார். அதையே அண்ணி இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை மெதுவாக.

"பாலும் சுண்ணாம்புச் சத்தும் அந்த மாத்திரையைப் பிடிச்சு வெச்சுக்கும். குடல்லயே கட்டிப்போட்டுடும், ரத்தத்துல சேர விடாது. பெரும்பகுதி அப்படியே வெளியே போயிடும். பால், தயிர், சுண்ணாம்பு மாத்திரை எதுவா இருந்தாலும், சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகியிருக்கணும். மாத்திரை போட்டப்புறம் ரெண்டு மணி நேரம் அதுங்க கிட்டயே போகக் கூடாது." சொல்லிவிட்டு டாக்டரும் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா, வெறும் வயித்துலதானேன்னு."

"ஆமான்னுதான் சொன்னோம்."

"பால் குடிச்சா வெறும் வயிறு இல்லியேம்மா."

அண்ணி டப்பாவை மூடினாள். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் 'வெறும் வயிறுதான்' என்ற பதில்தான் வந்திருக்கும். காலையில் பாலோ டீயோ குடித்தவன் ஒன்றும் சாப்பிடாதவன்தான். பத்து மணிக்கு யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டால், "எங்க, ஒரு டீதான்" என்போம். வயிறு நிறைய எதையாவது மென்றால்தான் சாப்பாடு. குடிப்பது கணக்கில் வராது.

"நான் பால், டீன்னு பேர் சொல்லியே கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். "ஆபரேஷனைத் தள்ளி வைக்கிறேன். மூணு வாரம். தண்ணியில மட்டும் குடுத்துப் பாருங்க. சுண்ணாம்பு மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாத்திடுங்க. வாரா வாரம் ரத்தம் பார்க்கலாம். ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். ஏறலேன்னா எடுத்துத்தான் ஆகணும்."

வெளியே வந்து லிஃப்டுக்காக நின்றோம். அண்ணன் இன்னும் வரவில்லை.

"ஏதாவது சொல்லிடு" என்றாள் அண்ணி.

"என்ன சொல்றது அண்ணி?"

"நாத்தனார்னா நாலு வார்த்தை சொல்லணும்ல. மூணு மாசம். மூணு மாசமா என் கையால. நீ இப்ப சொல்லலேன்னா ஊருக்குப் போய் போன்ல சொல்லுவ. நேர்லயே சொல்லிடு."

எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. கை மரத்துப்போயிருக்கும்போது கிள்ளிப் பார்ப்போமே, அது போல இருந்தது.

"அந்த மாத்திரைப் பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சுல்ல" என்றேன். "பொடி எழுத்துல. எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினீங்க. உனக்குத்தான் ரெண்டு மொழியும் தெரியுமே, படிச்சுச் சொல்லுன்னு."

"அனுப்பினேன்."

"டாக்டர் சொன்னபடி செய்யுங்க அண்ணின்னு பதில் போட்டேன்."

"ஆமா."

"நான் அதைப் படிக்கவே இல்ல."

அண்ணி என்னைப் பார்த்தாள். லிஃப்ட் வந்து, திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டு போனது. அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தான். ஊசி குத்திய இடத்தைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும், பிடித்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் அண்ணி அவனிடம் சொன்னாள். நான் பின் இருக்கையில் இருந்தேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நான் பால்ல குடுத்ததாலதான் மாத்திரை வேலை செய்யலையாம். ஆபரேஷன் இப்ப இல்ல. மூணு வாரம் பார்க்கணுமாம்."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் அதைத் தாண்டும் வரை பார்த்தான்.

"அப்படியா" என்றான்.

"அப்படியாவா?"

"வேற என்ன சொல்ல?"

"திட்டுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? முகத்தைக் கண்ணாடியில பார்த்தீங்களா? சர்க்கரை யாரால வந்துச்சு?"

"அது ஸ்டீராய்டால வந்தது." ஊசி போட்ட இடத்திலிருந்து விரலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினான். "அடுத்த ஸ்டாப்தானே நமக்கு?"

அவன் ஒரு வார்த்தை கடிந்திருந்தால் அண்ணி அழுது தீர்த்திருப்பாள், அவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. ஆறேழு மாதமாக எண்ணைக் கேட்டுக் கேட்டு, அவனுக்குள் எதுவும் அசைவதாகவே தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் சாப்பிட்டான், அதிகமானாலும் சாப்பிட்டான். அண்ணி ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

"பார்த்தியா உங்க அண்ணனை" என்றாள் என்னிடம். "ஜடம் மாதிரி. ஒரு 'சீ' சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

"நீங்க போய் நேரா கேளுங்க."

"கேட்டேன். 'நல்லாதான் இருந்துச்சு'ங்கறார்."

காலையில் அஞ்சரைக்கு அவள் இப்போது எழுந்து வருவதில்லை. தண்ணீரையும் மாத்திரையையும் முந்தின நாளே அவன் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுவாள். "எடுத்துக் குடுக்கற கை வேண்டாம்" என்றாள். விழித்துக்கொண்டு படுத்திருப்பாள், அவன் முழுங்கும் சத்தம் கேட்கும் வரை. எனக்குத் தெரியும், நான் அடுத்த அறையில் அதே மாதிரி படுத்திருந்தேன்.

முதல் வாரத்துச் சோதனை நான் இருக்கும்போதே வந்தது. முப்பத்தொன்று. டாக்டர் போனில் சொன்னார், இப்போதே எதையும் நம்ப வேண்டாம் என்று. நாங்கள் நம்பவில்லை. அண்ணி எண்ணைச் சுவரில் ஒட்டிய தாளின் ஓரத்தில் எழுதினாள், பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

என் விடுப்பு முடிந்தது. விமான நிலையத்துக்கு நெட்டை கொண்டுவந்து விட்டார். "உங்க அண்ணன் நாற்காலியிலேயே இருந்தாலும் எனக்குப் பரவாயில்ல" என்றார் வண்டி ஓட்டிக்கொண்டே. "ஆனா முதுகைக் காட்டிக்கிட்டு 'அது நேரா உடையாது'ன்னு சொல்றது மட்டும் வேண்டாம். சொன்னா அது நேரா உடைய மாட்டேங்குது."

இரண்டாவது வாரம், எழுபத்து நாலு. மூன்றாவது வாரம், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஆபரேஷன் தேதியை எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டதாக அர்த்தம் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னாராம். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி இறங்கலாம், அளவுக்கு மேல் ஏறினாலும் தொந்தரவு, ரத்தம் உறைந்துவிடும், கல்லீரலையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. வேலைக்குப் போகலாம், முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு, தனியாக இல்லாமல். அதை எழுதியும் கொடுத்தார்.

போனில் அண்ணன் எண்ணைச் சொன்னான். நான் சரி என்றேன். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அது வந்து சேரத் தாமதமாகிறது என்று மட்டும்தான் தோன்றியது.

திங்கட்கிழமை அவன் கடைக்குப் போனான். அதற்கடுத்த நாள் நடந்ததை அண்ணிதான் சொன்னாள். அவள் குரலில் இப்படி ஒரு வேகத்தைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"சாப்பாடு குடுக்கப் போனேன். நான் அந்தக் கடைக்குள்ள காலே வெச்சதில்ல, உனக்குத் தெரியும்ல, எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. முதலாளி இல்ல. நெட்டை வெளியில போயிருந்தார், கண்ணாடி இறக்க. உங்க அண்ணன் மட்டும், பெரிய கண்ணாடி ஒண்ணைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுக்கிட்டு நிக்கறார். தனியாத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல, அதனால நிக்கறார். வாசல்ல என்னைப் பார்த்தார். 'வா, இந்தப் பக்கத்தைப் பிடி'ங்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் கையிலயா குடுக்கறீங்கன்னேன்."

"அண்ணன்?"

"கையுறையை எடுத்து நீட்டினார், நெட்டையோடது, ஒவ்வொரு விரலும் என் முழங்கை நீளம். போட்டுக்கிட்டேன். பிடிச்சேன். அம்மாடி, என்ன கனம் தெரியுமா அது. கீழ விழுந்தா அவர் மேலதான் விழும். நான் அசையவே இல்ல. 'தூக்கு'ங்கறார், 'தூக்க மாட்டேன்'கறேன். அப்பத்தான் கத்தினார்."

"கத்தினானா?"

"கத்தினார்டி. 'தூக்குன்னா தூக்கணும், சிலை மாதிரி நின்னா என் முதுகு உடையும், மூளை இருக்கா இல்லியா உனக்கு'ன்னு. தெருவுல போறவன் திரும்பிப் பார்க்கறான். நானும் கத்தினேன், 'இந்த மூளைதான் இத்தனை நாளா உங்களுக்குச் சோறு போட்டுது'ன்னு. ரெண்டு பேரும் கத்திக்கிட்டே தூக்கினோம். மேசை மேல சாய்ச்சாச்சு. நான் விடப் போனேன். 'விடாத, மெதுவா இறக்கு'ன்னார். இறக்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கோடு போட்டார். அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் பல்லு கூசுது. ஓரத்துக்கு நகர்த்தி ஒரு அழுத்து அழுத்தினார். ரெண்டாச்சு. நேரா."

போனின் அந்தப் பக்கம் அண்ணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அண்ணன் பக்கத்தில் எங்கோ ஏதோ கேட்டான்.

"உங்க தங்கச்சிதான்" என்றாள் அவள் அவனிடம். பிறகு என்னிடம், "இரு, சாப்பாட்டுல உப்பு அதிகமாம். போட்டுத் தாளிக்கறார் என்னை. வை, அப்புறம் பேசறேன்."